கஞ்சி போடாத சட்டைகள்

அப்பு,

நேற்று சாயங்காலம் நீ ஜீப்பில் ஏறிப் போன பிறகு கொல்லைப்பக்கம் வந்தேன். நீ கொண்டுவந்த ஆறு சட்டைகளும் கொடியில் காய்ந்து கிடந்தன. ஆறும் வெள்ளை. கஞ்சி ஏறி, காற்றில் ஆடாமல், அட்டை மாதிரி விறைத்து நின்றன. எடுத்து, தண்ணீர் தெளித்து, சுருட்டி வைத்து, காலையில் தேய்க்க வேண்டும். நான் எடுக்கவில்லை. துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. எழுந்தபோது இந்தக் கடிதத்தை எழுதிவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது.

போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என்னிடம் ஒன்று கேட்டாய். ஒரு வருஷமாகத் தினமும் விடிகிற நேரத்து ஜீப்பில் ஏறி, மலையில் பாடம் நடத்திவிட்டுப் பொழுது சாயக் கீழே வந்துகொண்டிருந்தவன் நீ. இரண்டு மாதமாகப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்குகிறாய். சனிக்கிழமை வருகிறாய், ஞாயிற்றுக்கிழமை போகிறாய். வரும்போது ஒரு பை அழுக்குச் சட்டை, போகும்போது ஒரு பை வெளுத்த சட்டை. அன்றைக்கு ரசத்தை ஊற்றிக்கொண்டே, "அம்மா, நீயும் மேல வந்துரும்மா. ஒத்தையில இங்க கெடந்து என்ன செய்யப் போற?" என்றாய்.

"எனக்கு இங்க சோலி கெடக்குடா."

"என்ன பெரிய சோலி? எஞ் சட்டையத் தொவைக்கிற சோலிதான? அத அங்க வந்து தொவையேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். நானும் சிரித்தேன். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு உனக்குச் சோறு போட எழுந்துவிட்டேன். அந்தப் "பார்க்கலாம்" என்பதற்கு எனக்குள் ஒரு பதில் அப்போதே இருந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் உன் சட்டைகளைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். இரண்டும் வேறு வேறு விஷயம் போலத் தெரியும். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலத்திலிருந்தே எதையும் உற்றுப் பார்த்து நோட்டில் எழுதிவைக்கிற பழக்கம் எனக்கு. பத்தாவதோடு படிப்பு நின்றது, பழக்கம் நிற்கவில்லை. உன் சட்டையைத் துவைக்கும்போதும் அதையேதான் செய்கிறேன். சட்டையை வைத்தே உன் நாளைச் சொல்லிவிடுவேன். வலது முழங்கைக்குக் கீழே சாக்பீஸ் தூள் அப்பியிருந்தால் அன்றைக்குக் கணக்குப் பாடம். இடுப்புக்கு மேலே முதுகில் கறுப்பாக ஒரு கோடு இருந்தால் ஜீப்பில் உள்ளே இடம் கிடைக்காமல் பின்கம்பியில் சாய்ந்து நின்றுகொண்டு வந்திருக்கிறாய். கைப்பட்டியில் இரண்டு மடிப்புத் தடம் எப்போதும் இருக்கும். அறைக்கு வந்ததும் முதல் வேலையாக நீ கையை மடித்துவிடுகிறாய். காலருக்கு உள்பக்கம் ஒரு விரல் தடம் தவறாமல் இருக்கிறது. கஞ்சி கழுத்தை அறுக்கிறது, நாள் முழுவதும் விரலை விட்டு இழுத்துக்கொண்டே இருக்கிறாய். இத்தனையும் பார்த்த நான், இந்தச் சட்டை இவனுக்கு ஒத்துவரவில்லை என்று மட்டும் எழுதிக்கொள்ளவே இல்லை.

என் வலது தோள் நாலு மாதமாக மேலே எழவில்லை. உன்னிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் காட்டினேன்; கனமான துணியைப் பிழியாதே, கையைத் தூக்கி வேலை செய்யாதே என்றார்கள். அன்றிலிருந்து பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாதான் பிழிந்து கொடுக்கிறாள். கொடியில் போடுவதும் அவள்தான். போன மாதம் ஒருநாள் சட்டையை உதறிக்கொண்டே கேட்டாள்: "ஏந்தாயி, ஒம் மகன் வாத்தியார் வேலை பாக்கானா, எலெக்சன்ல நிக்கானா?"

"வாத்தியார்தான்."

"அப்ப இத்தன வெள்ளை எதுக்கு? அவன் மேல போயி யாருட்ட ஓட்டுக் கேக்கப் போறான், அட்டைட்டயா, ஆனைட்டயா?"

அவளோடு சேர்ந்து நானும் சிரித்தேன். தோள் வலித்தது. ஆனால் கேள்வி நியாயமானது. அந்த வெள்ளையை உன் உடம்பில் ஏற்றியது நான்தான். ஏன் ஏற்றினேன் என்று உனக்குச் சொன்னதில்லை.

உனக்கு ஒன்பது வயது. உன் அப்பா மலையில் ஏலத்தோட்டத்து மேஸ்திரி. நாமும் தோட்டத்து வீட்டில்தான் இருந்தோம். உன் பெரியப்பா மகள் கல்யாணம் போடியில் மண்டபத்தில் நடந்தது. மழையில் ஜீப்பு கிடைக்கத் தாமதமாகி, மாற்றுத்துணிப் பெட்டியை அவசரத்தில் வீட்டிலேயே விட்டுவிட்டு, போட்டிருந்த துணியோடு இறங்கி வந்தோம். நீ பழுப்புக் கட்டம் போட்ட பழைய சட்டை போட்டிருந்தாய். தோள்பட்டையில் நான் தைத்த ஒட்டு. ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரின் புகை வாசம் உன் தலையிலிருந்து அடித்தது. மண்டபம் முழுக்க வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. நம் பக்கத்தில் காடு கழனி வைத்திருக்கிறவர்களுக்கு விசேஷ வீட்டில் அதுதான் முகம். மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் உன்னைப் பார்த்து, "ஏலேய், தோட்டத்தாளு புள்ளையா? சும்மா நிக்காத. அந்த எலக்கட்டத் தூக்கிப் பந்திக்குக் கொண்டா, வெரசா" என்றார். நீ உன் உயரத்துக்கு இருந்த கட்டை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினாய். நான் ஐந்தடி தூரத்தில் நின்றிருந்தேன். இவன் பெண்ணுக்குத் தம்பி முறை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் எழவில்லை. நீ திரும்பி வந்து, "அம்மா, நாந்தான் எல்லாருக்கும் எல போட்டேன்" என்றாய். உன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

உனக்கு அதில் ஒரு அவமானமும் இல்லை. எல்லாம் எனக்குத்தான். அடுத்த வாரமே உனக்கு முதல் வெள்ளைச் சட்டை எடுத்தேன். கீழே இறங்கும்போதெல்லாம் அதுதான். ஏலக்காட்டில் ஈரத்துக்குப் பயந்து அதைத் தகரப்பெட்டியில் பாலித்தீன் சுற்றி வைத்தேன். அதைப் போட்டுவிட்டால் நீ தரையில் உட்கார மாட்டாய், கொய்யா மரத்தில் ஏற மாட்டாய், கையை உடம்பிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டே நடப்பாய். உன் அப்பா ஒருநாள் பார்த்துவிட்டு, "சட்டை அவனக் காக்கும்னு நெனச்ச. இப்ப அவன்ல சட்டைக்குக் காவக்காரனாயிட்டான்" என்றார். நான் அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. எப்போதும் இடுப்பில் கட்டிய சாக்கும் நீல ஸ்வெட்டருமாகவே இருக்கிற மனுஷன், இவருக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். சாகும்வரை அவர் அப்படியேதான் இருந்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் கீழே குடிவந்த பிறகு, கல்லூரியில் படிக்கும்போது உன் முதல் உதவித்தொகையில் நீயே ஒரு சட்டை எடுத்தாய். கரும்பச்சைக் கட்டம், கொஞ்சம் தடித்த துணி. நீ சொந்தமாக எடுத்த முதல் துணி அது. அதைப் போட்டுக்கொண்டு நீ நடந்ததை நான் பார்த்தேன். தோள் விறைப்பில்லாமல் இறங்கி இருந்தது. கை வீசி நடந்தாய். காலர் நைந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் அதுதான். எனக்கு அதைக் கண்டால் ஆகாது. தோட்டத்து ஆள் மாதிரி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஆடிக் காற்று அடித்த சமயத்தில் ஒருநாள் அது கொடியில் காணாமல் போனது. "காத்துல பறந்து ஓடைப் பக்கம் விழுந்திருக்கும்" என்றேன். நீ ஓடைக் கரையெல்லாம் தேடிவிட்டு முள் குத்திய காலோடு வந்தாய். காற்று அதைத் தொடவில்லை, அப்பு. பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவர் அன்று காலையில் தெருவில் வந்தார். நான்தான் போட்டேன். ஒரு எவர்சில்வர் கிண்ணம் கொடுத்தார். போன வாரம் நீ ரசம் ஊற்றிக் குடித்தது அதில்தான். ஏழு வருஷமாக அந்தக் கிண்ணத்தைத் தேய்க்கும்போதெல்லாம் சொல்லிவிட நினைப்பேன். தேய்த்து முடிந்ததும் கவிழ்த்து வைத்துவிடுவேன்.

இத்தனைக்குப் பிறகும் திருந்தினேனா என்றால் இல்லை. நீ அறை எடுத்துத் தங்கிய முதல் வாரம் ஆறு சட்டைக்கும் கெட்டிக் கஞ்சி போட்டு அனுப்பினேன். பதினெட்டு வருஷம் அந்த மலையில் குடித்தனம் செய்தவளுக்குக் கஞ்சித் துணி அங்கே என்ன ஆகும் என்று தெரியாதா? தெரியும். கீழே வெயிலில் முறுகி நிற்கிற கஞ்சி, மேலே மூடுபனியில் புளிக்கும். நாலாம் நாள் கரும்புள்ளி பூக்கும். வாத்தியாரின் அம்மா எப்படி அனுப்பியிருக்கிறாள் என்று நாலு பேர் பார்க்கட்டும் என்ற ஆசையில், தெரிந்ததைத் தெரியாத மாதிரி வைத்துக்கொண்டேன். அடைமழை பிடித்து, அறைக்குள் கட்டிய கொடியில் ஆறும் பூஞ்சை பிடித்துவிட, வேறு வழி தெரியாமல் நீ அவற்றை அலசி, காய் உலர்த்துகிற ஸ்டோரில் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறாய். ஸ்டோர்க்காரர் கேட்டதை நீ அவர் மாதிரியே நடித்துக் காட்டினாய்.

"என்ன வாத்தியாரே, சட்டையத் தரம் பிரிக்கப் போறீங்களா?"

"ஒரு மணி நேரம்ணே. காஞ்சதும் எடுத்துர்றேன்."

"இந்த ஈரத்த உள்ள வச்சா எங்காய் அம்புட்டும் வெளிறிப் போயிரும். மொதல்ல வெளிய எடுங்க. அதோட ஒங்க சட்டையும் கலர் போயிருச்சு, மூணாந்தரத்துலகூட சேராது."

வாரம் முழுக்க மஞ்சள் பாய்ந்த சட்டையும் ஏலக்காய் வாசமுமாகப் பாடம் நடத்தினாய். சொல்லும்போது நாம் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்த கையோடு நீ இன்னொன்று சொன்னாய். அதைத்தான் என்னால் சிரித்துக் கடக்க முடியவில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, அப்பா அம்மா இருவரும் காய் எடுக்கிறவர்கள், பள்ளிக்கூடத்துச் சரிவில் வழுக்கி விழுந்துவிட்டாள். முழங்காலில் ரத்தம். நீ ஓடிப் போனாய். அவள் பின்னால் நகர்ந்து, "வேண்டாம் சாரே, சட்டையில மண்ணாயிரும்" என்றாளாம். தானே எழுந்து நொண்டிக்கொண்டே வகுப்புக்குப் போனாளாம். "சின்னப் புள்ளைக்கு என்ன அறிவு பாத்தியாம்மா" என்றாய் என்னிடம். அவள் வேண்டாம் என்றதும் நீ நின்றுவிட்டாய் என்பது உனக்குத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. ஜீப்பில் காய் எடுக்கப் போகிற பெண்கள் உன்னைக் கண்டதும், "தள்ளி உக்காருங்கடி, வாத்தியார் சட்டையில ஒட்டிரும்" என்று ஒதுங்கி இடம் விடுவதையும் நீ மரியாதை என்றுதான் சொல்லியிருக்கிறாய். இலைக்கட்டைக் கட்டிப்பிடித்துத் தூக்கிய பிள்ளையை நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் பயம் வந்தது.

அதனால் இப்படிச் செய். மலைக்கு ஐந்து சட்டை போதும். எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுக்காதே. முதலில் இரண்டு எடு; ஒரு மாதம் போட்டுப் பார். மழையில் நனையும்போதும், அவசரத்தில் கிளம்பும்போதும் உன் கை தானாக எதை எடுக்கிறது என்று கவனி. எடுக்காத ரகத்தை அடுத்த தடவை வாங்காதே. தனிப் பருத்தி அங்கே மூன்று நாளானாலும் காயாது. பாதிப் பருத்தி, பாதி டெரி கலந்த துணியாகப் பார். சாயங்காலம் அலசிப் போட்டால் காலையில் போடுகிற மாதிரி இருக்க வேண்டும். மண் தெரியாத நிறம் நல்லது, ஆனால் மண்ணுக்காக மட்டும் பார்க்காதே. பச்சையும் கருநீலமும் உன் நிறத்துக்குப் பொருந்தும். சாம்பல் போட்டால் காய்ச்சல்காரன் மாதிரி இருப்பாய். கட்டம் உனக்குப் பிடிக்கும் என்று நமக்கு இருவருக்கும் தெரியும். கடையில் கண்ணாடி முன்னால் விறைப்பாக நின்று பார்க்காதே. கரும்பலகையில் மேல்வரி எழுதுவது போலக் கையைத் தூக்கிப் பார். பிள்ளையின் நோட்டைப் பார்ப்பது போலக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார். அப்போது முதுகிலும் அக்குளிலும் இழுக்காத சட்டைதான் உன் சட்டை. உனக்கு இடது தோள் கொஞ்சம் இறக்கம், ரெடிமேட் அந்தப் பக்கம் தொங்கும். தெருமுனை டெய்லரிடம் சொல். அளவெடுக்காமலே அவருக்குத் தெரியும். கை முழுக்கை இருக்கட்டும், எப்படியும் மடிக்கத்தான் போகிறாய். இரண்டு பேன்ட் போதும், கணுக்காலுக்கு மேலே நிற்கிற உயரத்தில். கையில்லாத ஸ்வெட்டர் ஒன்று வாங்கு. கைவைத்ததில் சாக்பீஸ் தூள் அப்பும். மலைப்பாதையில் மெட்டு ஏறுமுன் ஜீப்பிலேயே போட்டுக்கொள். குளிரத் தொடங்கிய பிறகு போட்டால் சளி பிடிக்கும், உனக்குச் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கஞ்சி வேண்டாம். அழுக்கை வாரக்கணக்கில் சேர்க்காதே. அன்றன்றைக்கு ஒரு சட்டை அலசுவது ஐந்து நிமிஷ வேலை. வாரத்துக்கு ஆறாகச் சேர்ந்தால்தான் அதற்கு ஒரு அம்மா தேவைப்படுகிறது.

துணி எடுக்கப் போகும்போது என்னைக் கூட்டிப் போகாதே. கூட்டிப் போனால் என் கை வெள்ளை அடுக்கைத்தான் தொடும். கொடியில் கிடந்த ஆறையும் சேர்த்து, இங்கே இருக்கிற பதினான்கு வெள்ளைச் சட்டைகளையும் பீரோவில் வைத்திருக்கிறேன். கல்யாணம் காட்சிக்கு இரண்டு வேண்டுமானால் வைத்துக்கொள், மீதியை என்ன செய்வது என்று நீயே முடிவு செய். பாத்திரக்காரர் தெருவில் வந்தாலும் நான் கதவைத் திறக்க மாட்டேன்.

இனி நீ கேட்டதற்குப் பதில். நான் மேலே வரவில்லை, அப்பு.

பதினெட்டு வருஷம் அந்த ஈரத்தில் இருந்தேன். சேலைக்கு மேல் உன் அப்பாவின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, காலில் அட்டைக்குப் புகையிலை தேய்த்துக்கொண்டு இருந்தேன். குறையாகச் சொல்லவில்லை. அந்த வாழ்க்கைக்கு அந்த உடுப்பு சரியாகத்தான் இருந்தது. இப்போது என் நாள் வேறு. தோளுக்கு வெயில் வேண்டும், காலுக்குச் சமதளம் வேண்டும். இதுவரை உன்னிடம் சொல்லாத இன்னொன்றும் இருக்கிறது. மூன்று வாரத்துக்கு முன்னால் நூலகத்துக்குப் போனேன். மலையிலிருந்து இறங்கி வந்துபோன காலம் தொட்டு, இருபது வருஷமாகக் கடந்து போகும்போதெல்லாம் எட்டிப் பார்த்த இடம். உறுப்பினர் சீட்டுக் கேட்டதும், அங்கிருந்தவர், "யாருக்கும்மா, மகனுக்கா?" என்றார்.

"எனக்குத்தான்."

"எழுதப் படிக்கத் தெரியும்ல?"

"தெரியாமயா ஒங்க பலகையில அஞ்சு எழுத்துப் பிழை இருக்குன்னு பாத்து வச்சிருக்கேன்" என்றேன். அவர் படிவத்தை எடுத்துக் கொடுத்தார். ஜன்னலோரம் ஒரு மேஜை இருக்கிறது. காலையில் பத்து மணிக்கு அதில் வெயில் விழும். வாரத்தில் நாலு நாள் போகிறேன். மற்ற மூன்று நாளும் உன் சட்டை. அந்த மூன்று நாளும் எனக்கு வேண்டும்.

இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வராது. நீ ஒருமுறை "அம்மா" என்றால் பெட்டியைக் கட்டிவிடுவேன். அப்படிக் கட்டிக்கொண்டு வந்தால் மேலே வந்தும் கஞ்சிதான் காய்ச்சுவேன். உனக்கும் ஆகாது, எனக்கும் ஆகாது. உனக்குக் கோபம் வரும். வரட்டும். இரண்டு நாள் போன் பேசாமல் இருந்தாலும் சரி.

சனிக்கிழமை வா. பை இல்லாமல் வா. இத்தனை நாளும் தெருவில் ஜீப்புச் சத்தம் கேட்டதும், துணி ஊறவைக்கத் தண்ணீர் பிடிக்கக் கொல்லைக்கு ஓடிவிடுவேன். நீ வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றி, தண்ணீர் குடித்து, என்னைத் தேடிக்கொண்டு பின்பக்கம் வருவாய். இந்தச் சனிக்கிழமை நான் வாசலில் இருப்பேன்.

அம்மா